ஏழாம் நாள் யாருக்கு?



பொழுதுபோக்கைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் இரண்டு குரல்கள் எழும் என்பது நமக்குத் தெரியும். "சாமி, போக்குவதற்கு எங்களுக்குப் பொழுது எங்கே இருக்கிறது?" என்பது தோட்டத்திலிருந்து வரும் குரல். "உழைக்க வேண்டிய சனங்களுக்கு விளையாட்டைப் போதிப்பதா?" என்பது பட்டணத்துக் குரல். இந்த வாரப் பாடம் முதற் குரலுக்கு உரியது. இரண்டாவது குரலுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். அப்போஸ்தலர்கள் ஊர் ஊராய்ப் போதித்துவிட்டுக் களைத்துத் திரும்பினார்கள். உண்பதற்கும் நேரமில்லாதபடி சனங்கள் வருவதும் போவதுமாய் இருந்தார்கள். அப்போது ஆண்டவர் இன்னும் உழையுங்கள் என்று சொல்லவில்லை. தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தார். மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஓய்வு பாவமென்றால் இயேசுவே அதற்கு அழைத்திருப்பாரா?

சரி, முதற் குரலுக்கு வருவோம்.

நம் ஊவா மலைகள் பொழுதுபோக்குக்குப் பெயர்போனவை. யாருடைய பொழுதுபோக்கு என்பதுதான் கேள்வி. பதுளை நகரில் அங்கிலிக்கன் சகோதரர்களின் புனித மாற்கு ஆலயம் இருக்கிறதல்லவா? அது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். பாதைகள் அமைத்தவர், திறமைசாலி என்று பெயரெடுத்தவர். ஆனால் சரித்திரம் அவரை நினைவில் வைத்திருப்பது பாதைகளுக்காக அல்ல, யானைகளுக்காகவே. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. பஞ்சம் தீர்க்கவோ பயிரைக் காக்கவோ மட்டும் ஒரு மனிதன் இத்தனை யானைகளைக் கொல்ல முடியாது. அது அவருடைய பொழுதுபோக்கு. 1845ம் ஆண்டு ஜூன் மாதம் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அதைத் தெய்வ தண்டனை என்று சொல்லுவோர் இன்றுமுண்டு. நாம் அப்படித் தீர்ப்பிட வேண்டாம். இடி நல்லவன் மேலும் விழும். ஆனால் ஒருவனுடைய இன்பத்துக்காக ஒரு மலைநாடே தன் யானைகளைக் கொடுத்ததை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அடுத்தவர் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்: தோமஸ் லிப்டன். 1890ம் ஆண்டு இலங்கைக்கு வந்து, தம்பேதன்னை உட்பட ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தேயிலையில் உலகப் புகழும் செல்வமும் வந்தன. அவருடைய பொழுதுபோக்கு என்ன தெரியுமா? பாய்க்கப்பற் பந்தயம். அமெரிக்காக் கிண்ணம் என்ற பரிசை வெல்வதற்காக 1899 முதல் 1930 வரை ஐந்து முறை 'ஷாம்ரொக்' என்ற பெயரில் கப்பல்கள் கட்டுவித்துப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். தோல்வியைப் புன்னகையோடு ஏற்ற பெருந்தன்மைக்காக அமெரிக்க மக்களே பணம் சேர்த்து அவருக்குத் தங்கக் கிண்ணம் கொடுத்தார்கள். நல்ல விளையாட்டுக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாய்களை விரித்த காற்றில் நம் பாட்டிமாரின் மூச்சும் கொஞ்சம் கலந்திருந்தது. அவர்கள் கடலைக் கண்டது, மன்னார் வழியாகவோ தூத்துக்குடி வழியாகவோ தோணியிலும் கப்பலிலும் வந்த அந்த ஒரு தடவைதான்.

தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் அமர்ந்து தம் மலைகளைப் பார்த்த இடம் இன்று 'லிப்டன் சீட்' என்ற உல்லாசத் தலம். வெள்ளைக்காரரும் கொழும்பாரும் விடியற்காலையில் ஏறி வருகிறார்கள். எல்லயில் 1921ம் ஆண்டு கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நின்று படமெடுக்காதவர் இல்லை. வரட்டும், பார்க்கட்டும். கடவுளின் படைப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் அவர்கள் எடுக்கும் படத்தின் ஓரத்தில் பச்சைக்கு நடுவே புள்ளி புள்ளியாய்த் தெரிவது யார்? கொழுந்துக் கூடையோடு நிற்கும் நம் அம்மாமார். ஒருவருடைய ஓய்வுக் காட்சிக்கு மற்றவருடைய உழைப்பு அலங்காரமாகிவிடுகிறது.

லிப்டன் தோட்டம் வாங்கிய மறு ஆண்டில், 1891ல், பாப்பரசர் 13ம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றித் தம் பெரிய சுற்றுமடலை எழுதினார். ஞாயிறு ஓய்வு முதலாளியின் தயவு அல்ல, மனிதனுக்குக் கடவுள்மேலுள்ள கடமையிலிருந்து வரும் உரிமை என்று அதில் கற்பித்தார். 1965ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் ஒருபடி மேலே போயிற்று. தொழிலாளர் தம் குடும்பத்தோடும், கலையோடும், சமூகத்தோடும், இறைவனோடும் வாழப் போதிய ஓய்வு பெறவேண்டும் என்றது. உடற்பயிற்சியையும் பிரயாணத்தையும் விளையாட்டையும் பெயர் சொல்லியே புகழ்ந்தது. திருச்சபை விளையாட்டைப் பற்றிப் பேசுமா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இப்போது வேதாகமத்தைக் கையில் எடுங்கள். ஓய்வுநாட் கட்டளை இரண்டு இடங்களில் இருக்கிறது. நம் பெரியவர்கள் யாத்திராகமம் என்றும் உபாகமம் என்றும் சொன்ன விடுதலைப் பயண நூலிலும் இணைச்சட்ட நூலிலும்தான். விடுதலைப் பயணம் 20ம் அதிகாரம் சொல்லும் காரணம் நமக்குப் பாடம்: ஆறு நாளில் படைத்த ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு. இணைச்சட்டம் 5ம் அதிகாரத்திலோ காரணம் வேறு. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஆண்டவர் உன்னை அங்கிருந்து மீட்டார், அதை நினைத்துக்கொள் என்கிறது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்றும் சொல்கிறது. கூலிக்கு வந்து, காட்டை வெட்டி, லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சனத்துக்கு இந்த இரண்டாவது காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அடிமைக்கு ஓய்வுநாள் கிடையாது. ஓய்வுநாள் உள்ளவன் அடிமையல்ல. கட்டளையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அந்தக் கட்டளையிலுள்ள பட்டியலை மெதுவாய் வாசித்துப் பாருங்கள். நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மாடு, கழுதை, உன் ஊரிலுள்ள அந்நியன். யாரோ ஒருவரைக் காணவில்லையே, கண்டுபிடித்தீர்களா? மனைவியைக் காணவில்லை! மாட்டுக்குக்கூட ஓய்வு சொன்ன கட்டளை அவளை மறந்துவிட்டதா? இல்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் கணவனும் மனைவியும் ஒருங்கே அடக்கம் என்பது வேத விரிவுரையாளர் தரும் விளக்கம். அவள் வீட்டின் தலைமையில் பாதி. ஆகவே கட்டளை அவளோடும் நேரிலேயே பேசுகிறது. ஆனால் நம் வீடுகளில் இந்தப் பட்டியலை எப்படி வாசிக்கிறோம்? அவள் பெயர் இல்லை, எனவே அவளுக்கு ஓய்வு இல்லை என்றல்லவா வாசிக்கிறோம்!

ஞாயிற்றுக்கிழமை லயத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். ஆறு நாளும் காலையில் பெரட்டுக் களத்தில் தொடங்கி, மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை மலையில் நின்றவள் அவள். ஞாயிறு விடிந்ததும் பீலிக்கரையில் நிற்கிறாள். ஒரு வாரத்து அழுக்குத் துணி. பிறகு பூசைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்ய வேண்டும். பூசை முடிந்து வந்ததும் அடுப்பு. மிலாறு பொறுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. சில தோட்டங்களில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் ஞாயிறும் உண்டு. வீட்டில் கடன் இருந்தால் அதற்கும் அவள்தான் போவாள். சர்வதேச தொழில் தாபனம் 1958ல் பெருந்தோட்டத் தொழிலாளருக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்து, ஏழு நாளில் தொடர்ந்து 24 மணித்தியாலமாவது ஓய்வு வேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் எந்தச் சட்டமும் லயத்துக் கதவைத் தாண்டி உள்ளே வருவதில்லை. தோட்டத்து மணி ஓய்ந்தாலும் அடுப்பின் மணி ஓய்வதில்லை.

அவளுடைய கணவன் எங்கே? உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், நம் ஆண்களுக்கு ஓய்வு உண்டு, பொழுதுபோக்குத்தான் இல்லை. பெண்களுக்கோ இரண்டும் இல்லை. ஓய்வு வெறும் காலி இடமாய்க் கிடந்தால் தவறணைக்காரன் அதைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வான். கடதாசிக் கூட்டத்துக்கும் அங்கே இடமுண்டு. இளைஞர் கையில் இப்போது தொலைபேசி. பக்கத்து லயத்தில் யார் வீட்டில் சுகமில்லை என்பது தெரியாது, வேறு நாட்டில் நடக்கும் கிரிக்கட் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கு மட்டும் விரல்நுனியில் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்ப்பது குற்றமல்ல. ஆனால் பார்ப்பது வேறு, ஆடுவது வேறு. 1991 முதல் கரப்பந்தாட்டம் நம் நாட்டின் தேசிய விளையாட்டு. ஒரு வலையும் ஒரு பந்தும் இருபுறமும் ஆறு பேரும் இருந்தால் போதும், தோட்டத்துக்கு ஏற்ற விளையாட்டு இதைவிட இல்லை. ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த வலைக்கு இருபுறமும் நம் பெண்பிள்ளைகளை எத்தனை தோட்டங்களில் காண்கிறோம்?

நம் பழைய கலைகளிலும் இதே கதைதான். மாசி மாதத்தில் மலையகத்துக்கே உரிய காமன் கூத்து நடக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று மற்றக் கூத்துகளும் உண்டு. தப்போசை கேட்டால் தோட்டமே கூடும். ஓய்வு நேரத்தை ஒரு சனம் முழுவதும் சேர்ந்து கொண்டாடியதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கத்தோலிக்கர் என்பதால் இதன் அருமையை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் ரதி வேடத்தை வழக்கமாய் ஆண்தான் கட்டுவான். பெண் பார்வையாளர் வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள்.

ஒரு விஷயத்தில் நம் நல்லவர்களும் தவறு செய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் வீட்டுத் தோட்டம் போடுங்கள், மலை ஏறுங்கள், வெளிக்காற்றில் நடவுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுக்கிறார்கள். பதுளைக் கச்சேரியில் மேசைக்குப் பின்னால் இருக்கும் எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் அது சரியான மருந்து. நாள் முழுவதும் நாற்காலியில் இருந்தவர் மண்ணைக் கொத்தட்டும், போஞ்சியும் கோவாவும் நடட்டும். ஆறு நாளும் செடியோடும் ஏற்றத்தோடும் அட்டையோடும் போராடியவளுக்கு ஏழாம் நாளும் செடியா? ஏற்றமா? அவளுக்கு வேண்டியது உட்கார்வது. வெயிலில் தலைமுடியை உலர்த்திக்கொண்டு நாலு பெண்களோடு பேசியிருப்பது. பாடுவது. பத்திரிகையின் ஒரு பக்கத்தை யாரும் கூப்பிடாமல் வாசித்து முடிப்பது. உழைப்பு எந்தப் பக்கம் இழுக்கிறதோ, ஓய்வு அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். புறா வளர்ப்பதோ பூச்சட்டி வைப்பதோ முத்திரை சேர்ப்பதோ எது நல்லது என்ற விவாதமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அவளுக்கு அந்த நேரத்தை எங்கிருந்து கொண்டுவருவது? இதற்கு விடை ஹப்புத்தளையில் ஒரு கல்வீட்டில் இருக்கிறது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். அடிசம் பங்களாவை 1931ல் கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரக் கனவான். தம் தகப்பனார் குருவாயிருந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரை வைத்து, மூடுபனிக்கு நடுவே ஓர் இங்கிலாந்து வீட்டையே எழுப்பினார். அந்த வீடு 1960களின் தொடக்கத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் கைக்கு வந்தது. இன்று அது துறவிமடம். அங்கே செய்யும் பழப்பாகு வாங்கப் போனவர்கள் நம்மிடையே உண்டு. ஒருவருடைய ஓய்வுக்காகக் கட்டிய வீடு, நேரத்தைப் பங்கிட்டு வாழ்வோரின் வீடாய் மாறிவிட்டது.

ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கின் 48ம் அதிகாரம் பலருக்குத் தெரியும். சோம்பலை ஆன்மாவின் பகையாய்க் கண்டு, கைவேலைக்கு இத்தனை நேரம், வாசிப்புக்கு இத்தனை நேரம் என்று வகுத்தார். ஞாயிறன்று எல்லோரும் வாசிப்பில் இருக்கவேண்டும் என்றார். ஆனால் 35ம் அதிகாரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. அது சமையலறையைப் பற்றியது! துறவிகள் ஒருவருக்கொருவர் முறைவைத்துச் சமையலறைப் பணி செய்ய வேண்டும். நோயாளியையும் முக்கிய அலுவலில் இருப்பவரையும் தவிர ஒருவருக்கும் விலக்கில்லை. சனிக்கிழமை முறை முடிப்பவர் எல்லாவற்றையும் துப்புரவாக்கி, துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைக் குறைவில்லாமல் எண்ணி ஒப்படைக்க வேண்டும். சமைப்பது தாழ்ந்த வேலையாய் அல்ல, அன்பின் வேலையாய் அங்கே எண்ணப்படுகிறது. ஆண்கள் மட்டுமே வாழும் வீடொன்றில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாய் நடந்துவரும் காரியம் நம் வீட்டு ஆண்களால் ஏன் முடியாது?

நம் மறைமாவட்டத்தின் முதல் ஆயரும் இந்தச் சபையின் துறவியே. லியோ நாணயக்கார ஆண்டகை கண்டியின் ஆயராக இருந்தவர். 1972ல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, வறுமையான இப்பகுதியைத் தாமே விரும்பி ஏற்று வந்து, 1982ல் இறக்கும்வரை இங்கேயே உழைத்தார். பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு இறங்கி வருவது ஆயருக்கே முடியுமென்றால், திண்ணையிலிருந்து அடுப்படிக்கு நாலு எட்டு வைப்பது நமக்குப் பெரிய காரியமல்ல.

ஆகவே ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிறு என்று தொடங்குங்கள். அன்றைக்குப் பூசை முடிந்ததும் அடுப்பு அப்பாவுக்கும் மகனுக்கும். ரொட்டி கருகட்டும், சம்பலில் உப்புக் கூடட்டும், ஒருவரும் இறந்துவிட மாட்டார்கள். துணியை முதல்நாள் சனி மாலையே எல்லோருமாய்த் துவைத்துவிடலாம். கைக்காசு வேலைக்கு அந்த ஒரு ஞாயிறு போகாதிருக்க, தவறணைக்குப் போகும் காசில் ஒரு பங்கை வீட்டில் விட்டாலே போதும். கணக்குப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அந்த நாளில் அவள் உட்கார்ந்திருக்க விரும்பினால் உட்காரட்டும். கோலாட்டமும் கும்மியும் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். கோவில் முற்றத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பையன்களோடு பெண்பிள்ளைகளும் கிளித்தட்டு ஆடட்டும். ஊவாத் தேயிலைக்கு வாசம் கொடுப்பது ஆடி ஆவணிக் காற்று என்பார்கள். அதே காற்றில் பட்டமும் ஏறும். மின்கம்பி இல்லாத வெளியாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பறவைகளைக் கவனிப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. சின்னான், மைனா, செண்பகம், மீன்கொத்தி என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாதிப் பெயர்கள் தெரியும். ஒரு பழைய கொப்பியில் எந்த நாள், எந்த மரம், என்ன பறவை என்று எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பி ஒரு புத்தகமாகிவிடும்.

போய்ப் பார்க்க ஆசையென்றால் இடங்களுக்குக் குறைவில்லை. பதுளைக்கு அருகே 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தை. கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் தியலுமை. இலங்கையிலேயே உயர்ந்த 263 மீற்றர் பம்பரக்கந்தையும் நம் மாவட்டத்தில்தான். கடல் கடந்து வந்து இவற்றைப் பார்த்துப் போகிறார்கள். இவற்றின் இரைச்சல் எட்டும் தூரத்தில் பிறந்த நம் தாய்மாரில் எத்தனை பேர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள்? சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, சேர்ந்து ஒரு வாகனம் பேசிக்கொண்டு, குடும்பமாய்ப் போங்கள். குடித்துவிட்டு நீரில் இறங்குவோரை அழைத்துப் போகாதீர்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பிரயாணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2014 ஒக்டோபர் 29ல் மீரியபெத்தையில் மலை சரிந்ததைக் கண்டவர்களுக்கு இதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புகையிரதப் பாதையில் நின்று படமெடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

இந்த வாரம் ஒரு நாள் குடும்ப செபமாலை முடிந்ததும் இணைச்சட்டம் 5ம் அதிகாரம் 12 முதல் 15 வரையுள்ள வசனங்களை மகன் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு அப்பா, அம்மாவிடம் ஒரே கேள்வி கேட்கவேண்டும்: "ஒரு ஞாயிறு முழுவதும் உனக்கென்று கிடைத்தால் என்ன செய்வாய்?" அவளுக்குப் பதில் உடனே வராமல் போகலாம், இதுவரை ஒருவரும் கேட்டிராத கேள்வியல்லவா? காத்திருங்கள். அவள் சொன்னதை ஒரு தபாலட்டையில் எழுதி எங்களுக்கு அனுப்பினால், பெயர் குறிப்பிடாமல் இப்பக்கத்தில் வெளியிடுவோம்.